விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போய் கையை உடைச்சிட்டாங்க, நஷ்டஈடு கேட்க வழி இருக்கா?

கரிசல்முத்து:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க தென்மாவட்டம். ஊர் பேரும் ஸ்டேஷன் பேரும் இப்போதைக்கு வேண்டாம்.

என் தம்பிக்கு 27 வயசு, லோடு வேன் ஓட்டுறான். பக்கத்துத் தெருவுல ஒரு பைக் காணாமப் போச்சு. ராத்திரி பதினோரு மணி வாக்குல ரெண்டு பேர் மஃப்டில வந்து, "அய்யா கூப்பிடுறாரு, விசாரிச்சிட்டு விட்டுருவோம்"னு கூட்டிட்டுப் போனாங்க. விடியக்காலைல நானும் அம்மாவும் போய்ப் பார்த்தா, வலது கையைத் தூக்க முடியாம பெஞ்சுல சாஞ்சு கிடக்கான். முதுகு பூரா கோடு கோடா வரி. அதுக்குள்ள பைக்கைத் தூக்குன ஆளு வேற ஊர்ல சிக்கிட்டானாம். ஒரு தாள்ல என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு "கூட்டிட்டுப் போங்க"ன்னு அனுப்பிட்டாங்க. எஃப்.ஐ.ஆர். இல்ல, அரெஸ்ட் இல்ல, ஒரு எழவும் இல்ல.

ஜி.எச்.க்கு எங்க கூடவே ஒரு ஏட்டய்யா வந்தாரு. டாக்டர் என்னாச்சுன்னு கேட்டதும் அவரே முந்திக்கிட்டு "வண்டில இருந்து விழுந்துட்டான் சார்"னு சொல்லிட்டாரு. தம்பி வாயே தொறக்கல. அப்புறம் மதுரைல ஒரு தனியார் ஆஸ்பத்திரில பிளேட் வச்சு ஆபரேஷன் பண்ணோம். எல்லாம் வட்டிக்கு வாங்குன காசு. ரெண்டு மாசம் ஆகப்போகுது, இன்னும் அவனால ஸ்டியரிங் பிடிக்க முடியல.

இப்போ வார்டுல ஒருத்தர் மூலமா தூது வருது: 50,000 வாங்கிக்கோங்க, ஒரு கையெழுத்துப் போட்டு முடிச்சுக்கோங்கன்னு. கேஸ் போட்டா ஏதாவது கிடைக்குமா, எங்க போகணும், எவ்வளவு செலவாகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொங்குசிங்கம்:

ஒண்ணுமே பண்ணாதவன போலீஸ் எதுக்குங்க அடிக்கப் போகுது? பாத்ரூம்ல வழுக்கி விழுந்து நாலு பேருக்கு மாவுக்கட்டு போட்டாத்தான் ஊர் அடங்குது. நல்லது பண்ணாலும் குத்தம் சொன்னா எப்படி?

நடுச்சாம_நர்ஸ்:

பைக் எடுத்தவன் வேற ஊர்ல சிக்கினான்னு முதல் பதிவுலயே இருக்கு. படிச்சிட்டு எழுதுங்க கொங்குசிங்கம். அந்த மாவுக்கட்டுப் படங்களைப் பார்த்து எல்லாரும் சிரிச்சோம். ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும் ஏன் கைதிங்களுக்கே வழுக்குதுன்னு கடைசில ஐகோர்ட்டே கேட்க வேண்டியதாச்சு.

முத்து, முதல்ல ஜி.எச்.ல போட்ட ஏ.ஆர். காப்பி கைல இருக்கா? ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் பதிவு. எப்படி அடிபட்டது, யார் கூட்டிட்டு வந்தாங்கன்னு அதுல எழுதியிருப்பாங்க. ஏட்டு பேரும் நம்பரும் "உடன் வந்தவர்"னு அதுல இருந்துச்சுன்னா, வண்டில இருந்து விழுந்தவனுக்கு எதுக்கு போலீஸ் துணைன்னு நீங்க கேட்கலாம். தப்பா எழுதின பதிவும் சில நேரம் உங்களுக்கு உதவும்.

தனியார் ஆஸ்பத்திரில சேர்க்கும்போது என்ன சொன்னீங்க? டிஸ்சார்ஜ் சம்மரில என்ன இருக்கு? அதைப் பார்த்துச் சொல்லுங்க.

கரிசல்முத்து:

அக்கா, ஏ.ஆர். காப்பி வாங்கல. தனியார்ல சேர்க்கும்போது தம்பி உண்மையைச் சொல்லிட்டான். சம்மரில "போலீஸார் லத்தியால் தாக்கியதாகக் கூறுகிறார்"னு இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கு. எலும்பு பேரு அல்னான்னு போட்டிருக்கு. முதுகை என் செல்லுல போட்டோ எடுத்து வச்சிருக்கேன், அன்னைக்குக் காலைலயே எடுத்தது.

எலும்புமுறி_வைத்தியன்:

அரசு மருத்துவமனை ஒன்றில் எலும்பு சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வண்டியிலிருந்து விழுபவர் பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றித்தான் விழுவார். அப்படி விழும்போது மணிக்கட்டுப் பக்கம் ரேடியஸ் எலும்பு உடையும், அல்லது இரண்டு எலும்பும் சேர்ந்து உடையும், அல்லது தோள்பட்டை எலும்பு போகும். சுண்டுவிரல் பக்கத்து அல்னா எலும்பு மட்டும், அதுவும் முன்கையின் நடுவில் தனியாக உடைவது வேறு வகை. தலையில் விழும் அடியைத் தடுக்கக் கையை உயர்த்தும்போது கம்பு நேராக அந்த எலும்பின் மேல் விழுகிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயரே நைட்ஸ்டிக் முறிவு. நைட்ஸ்டிக் என்றால் போலீஸ் தடி. விழுந்தும் அப்படி உடையவே உடையாது என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டில் எது அதிகம் பொருந்துகிறது என்று நீதிமன்றம் கேட்டால் எந்த எலும்பு மருத்துவரும் பதில் சொல்ல முடியும்.

முதுகுப் போட்டோவில் ஒவ்வொரு கோடும் இரட்டைக் கோடாக, நடுவில் வெளுத்து, இரண்டு ஓரமும் சிவந்து இருக்கிறதா என்று பாருங்கள். உருண்டையான தடியால் அடித்தால் அப்படித்தான் தடிக்கும். தார் ரோட்டில் உரசினால் தோல் வழன்று சிராய்ப்புத்தான் வரும், இது வராது. அந்தப் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பி அனுப்பிச் சுருக்கிவிடாதீர்கள். எடுத்த போனிலேயே மூலக் கோப்பு இருக்க வேண்டும். போனை விற்கவும் வேண்டாம், ரீசெட்டும் வேண்டாம்.

எக்ஸ்ரே ஃபிலிம், ஆபரேஷன் குறிப்பு, பில் எல்லாவற்றுக்கும் எழுதிக் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி.

சும்மா_இருப்போம்:

அண்ணே, தப்பா நினைக்காதீங்க. 50,000 வாங்கிக்கிட்டு ஒதுங்கிடுங்க. அந்த ஊர்லதான் வண்டி ஓட்டணும். கேஸ் போட்டா வாரம் ஒரு பெட்டி கேஸ், டிரங்க் அண்ட் டிரைவ், கஞ்சா பொட்டலம்னு ஏதாவது வரும். எங்க ஊர்ல பார்த்திருக்கேன். கோர்ட்டுக்கு அலைஞ்சவன் தலைதான் நரைச்சுது.

வைகைக்கரை_வக்கீல்:

சும்மா_இருப்போம் சொல்லும் பயம் உண்மை. அதை ஒதுக்கிவிட்டு யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. ஆனால் அந்த 50,000 எதற்கு என்று பாருங்கள். மருத்துவச் செலவுக்கு என்றால் கையெழுத்து எதற்கு? "எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை, வண்டியிலிருந்து விழுந்ததுதான்" என்று எழுதி வாங்குவார்கள். நாளைக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அரசு வக்கீல் வைக்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். அவர்கள் விலை பேசுவது உங்கள் வழக்குக்கு. வாக்குமூலம் வாங்க அடித்துக் காயப்படுத்துவது புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவில் 120ஆம் பிரிவு, பழைய ஐ.பி.சி. 330. அது சமரசம் பேசி முடிக்கக்கூடிய குற்றப் பட்டியலிலேயே இல்லை.

அடுத்தது, அவசரமான வேலை: ஸ்டேஷன் சிசிடிவி. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் லாக்கப், வராந்தா, நுழைவாயில், இன்ஸ்பெக்டர் அறை வரைக்கும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், எந்தக் கருவியானாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. காகிதத்தில் அப்படி. நடைமுறை என்ன என்று சாத்தான்குளத்தில் பார்த்தோம். அங்கே ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். ஆகவே இன்றைக்கே எஸ்.பி.க்கு ஒரு கடிதம்: இந்தத் தேதி இரவு முதல் மறுநாள் காலை வரை இந்த ஸ்டேஷன் பதிவைப் பாதுகாத்து வைக்கவும் என்று. ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டையுடன். நகல் மாவட்ட முதன்மை நீதிபதிக்கும், அந்த எல்லை மாஜிஸ்திரேட்டுக்கும். பதிவு அழிந்துபோனாலும், கேட்ட பிறகு அழிந்தது என்பதை வழக்கில் வைத்துப் பேசலாம்.

நஷ்டஈடு பற்றி இரவு எழுதுகிறேன். கோர்ட்டுக்கு நேரமாச்சு.

ஓய்வு_எஸ்ஐ:

துறையில் இருந்து ரிட்டயர் ஆனவன். எல்லாரும் அடிக்கிறவங்க இல்ல, அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

இந்த மாதிரி கேஸ்ல ஸ்டேஷன் முதல்ல சொல்றது, "அப்படி ஒரு ஆளை நாங்க கூட்டிட்டே வரலை"ங்கிறதுதான். ஏன்னா பொது நாட்குறிப்புல, அதாவது ஜி.டி.ல, என்ட்ரி இருக்காது. அதனால முதல்ல ராத்திரி அவன் அங்க இருந்தான்னு நிரூபிக்கணும். அன்னிக்கு பாரா டூட்டி யாரு, நைட் ரவுண்ட்ஸ் யாருன்னு டூட்டி ரோஸ்டர்ல இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, தர மறுத்தா அந்த மறுப்பையும் வச்சுக்கோங்க. தம்பி செல்போன் எந்த டவர்ல இருந்துச்சுங்கிறதை கோர்ட் வரவழைக்கலாம். ஸ்டேஷனுக்கு எதிர்ல டீக்கடை, மெடிக்கல் ஷாப் கேமரா இருந்தா ரெண்டு மாசத்துல அழிஞ்சிருக்கும், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. நீங்க கையெழுத்துப் போட்டீங்களே ஒரு தாள், "ஒப்படைக்கப்பட்டார்"னு எழுதியிருந்தா அதுவே உங்களுக்குச் சாட்சி. ஆனா அது இப்போ இருக்காது.

இன்னொண்ணு. 1859 மாவட்ட போலீஸ் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 53ஆவது பிரிவு. போலீஸ் மேல கேஸ் போடணும்னா மூணு மாசத்துக்குள்ள போடணும், முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும். தாண்டிட்டா கேஸ் நிக்காது. உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு.

கரிசல்முத்து:

அய்யா, ரொம்ப நன்றி. மூணு மாசக் கணக்கு கேட்டதும் அடிவயிறு கலங்கிருச்சு. தம்பிகிட்ட இதெல்லாம் சொன்னா, "விடுண்ணே, உசுரோட வந்துட்டேன்ல"ங்கான். அம்மாவும் அதையேதான் சொல்லுது.

ஒரு சந்தேகம். செய்தில வர்ற கேஸ் எல்லாம் செத்தவங்க கேஸு. 20 லட்சம், 25 லட்சம்னு கேள்விப்படுறோம். உசுரோட இருக்கிறவனுக்கு என்ன கிடைக்கும்?

வைகைக்கரை_வக்கீல்:

சரியான கேள்வி. நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த மூன்று மாசம். எஸ்.ஐ. சார் சொன்ன பிரிவு இருப்பது உண்மை. போலீஸ் தரப்பு வக்கீல்கள் இன்றும் எடுத்து நீட்டுவார்கள். ஆனால் அது போலீஸ் சட்டத்தின் கீழ் செய்த காரியங்களுக்குத்தான். ஆந்திரத்திலும் அப்போது இதே மெட்ராஸ் சட்டம்தான். அங்கிருந்து வந்த வேணுகோபால் வழக்கில் 1960களிலேயே உச்ச நீதிமன்றம் இதே 53ஆம் பிரிவை எடுத்து, வாக்குமூலத்துக்காக ஒருவனை அடிப்பதற்கும் போலீஸ் கடமைக்கும் சம்பந்தமே இல்லை, அடித்தவருக்கு இந்த மூன்று மாதக் கேடயம் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆகவே கலங்க வேண்டாம். இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு வாதத்தை ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? முடிந்தால் அதற்குள்ளேயே ஆரம்பித்துவிடுங்கள்.

இப்போது பணம். உயிரோடு இருப்பவருக்கும் கிடைத்திருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், காஷ்மீரின் குப்வாரா விசாரணை மையத்தில் பல நாள் சித்திரவதைக்கு ஆளான ஒரு போலீஸ்காரருக்கே, ஆமாம், அவரும் போலீஸ்தான், 50 லட்சம் கொடுக்கச் சொல்லி, வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. அவருடைய காயங்கள் மிகக் கொடூரமானவை. அதை அளவுகோலாக வைத்து உங்களுக்கும் அவ்வளவு என்று கனவு காணாதீர்கள். அதே மாதம் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்த வழக்கில், அரசு ஏற்கெனவே கொடுத்த ஏழரை லட்சம் போக இடைக்கால இழப்பீடாக இன்னும் 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. இடைக்கால என்ற சொல்லைக் கவனியுங்கள். கிரிமினல் வழக்கு முடிகிற வரை குடும்பம் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வழிக்குப் பெயர் ரிட், அரசியல் சட்டம் 226இன் கீழ் நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. 1983இல் ருதுல் சா, விடுதலையான பிறகும் 14 வருஷம் சிறையில் வைத்திருந்ததற்கு 35,000. 1993இல் நீலாபதி பெஹெரா, காவலில் மகன் இறந்ததற்கு ஒன்றரை லட்சம். இந்த இரண்டும்தான் கதவைத் திறந்தவை. நீலாபதி தீர்ப்பில் முக்கியமான விஷயம், அடிப்படை உரிமை மீறலுக்கு 'அரசுக்கு இறையாண்மைப் பாதுகாப்பு உண்டு, அதனிடம் நஷ்டஈடு கேட்க முடியாது' என்ற பழைய கஸ்தூரிலால் வழக்கின் வாதம் செல்லாது என்றது. ரிட்டில் வாங்கிய பிறகும் சிவில் கோர்ட்டில் மீதியைக் கேட்கலாம்.

ஆனால் ரிட்டுக்கு ஒரு பலவீனம். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. "அவர் வண்டியில் இருந்து விழுந்தார்" என்று ஸ்டேஷன் ஒரு பதில் மனு போட்டால், உண்மையே தகராறில் இருக்கிறது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. சாவு வழக்குகளில் மாஜிஸ்திரேட் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் சட்டப்படியே நடந்துவிடுவதால் காகிதம் தானாக உருவாகிறது. காயத்தோடு தப்பியவருக்கு எந்தக் காகிதமும் தானாக வராது, எல்லாம் அவரே சேர்க்க வேண்டும். செத்தவருக்கும் பிழைத்தவருக்கும் தொகையில் இவ்வளவு வித்தியாசம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அனுபவம்.

உங்களிடம் இருப்பது: டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த ஒரு வரி, அன்று காலையே எடுத்த போட்டோ, டாக்டர் மேலே சொன்ன அல்னா. இது மோசமான கட்டு அல்ல.

ஆடிப்பெருக்கு:

வக்கீலம்மா, மனித உரிமை ஆணையத்தை விட்டுட்டீங்களே. எங்க சித்தப்பாவை ஒரு ஸ்டேஷன்ல அடிச்சாங்க. ஆணையத்துக்கு வெறும் வெள்ளைத்தாள்ல தமிழ்லயே எழுதிப் போட்டோம். ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வச்சுக்கல. சென்னைக்கு அலையணுமேன்னு பயந்தோம், மதுரைல முகாம் அமர்வு வச்சப்ப அங்கேயே சாட்சி சொன்னாரு. ஒரு லட்சம் கொடுக்கணும், அதை அந்த அதிகாரி சம்பளத்துல பிடிக்கணும்னு உத்தரவு. அப்புறம் அந்த அதிகாரி ஐகோர்ட் போய் ஸ்டே வாங்கிட்டாரு. அது முடிஞ்சு காசு கைக்கு வர்றதுக்குள்ள சித்தப்பா பேத்திக்குக் காது குத்திட்டோம்.

வைகைக்கரை_வக்கீல்:

அதை இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன், முந்திக்கொண்டீர்கள்.

ஆணையத்தில் கெடு ஒரு வருஷம். 1993 மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டினால் விசாரிக்க முடியாது. பணம் இல்லாதவர்களுக்கு நல்ல வழி. ஆணையம் சொல்வது வெறும் பரிந்துரைதானே என்று முன்பு அதிகாரிகள் கிடப்பில் போடுவார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, 18ஆம் பிரிவின் கீழ் வரும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு அப்புறம் கொஞ்சம் பல் முளைத்திருக்கிறது. குறை என்னவென்றால், ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவிலும் இருப்பவர்கள் போலீஸ்துறையிலிருந்து வந்தவர்களே. சட்டமே அப்படித்தான் அமைத்திருக்கிறது. தொகையும் பெரும்பாலும் சிறியது.

ஆணையமும் ரிட்டும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிவிடுவார்கள்.

2013 தமிழ்நாடு போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தில் மாவட்டப் புகார் ஆணையம் என்றும் ஒன்று உண்டு. கலெக்டர் தலைமையில். பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் இருக்க வேண்டும் என்றது, நம் ஊரில் இப்படி ஆக்கிவிட்டார்கள். அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

சும்மா_இருப்போம்:

பார்த்தீங்களா, கடைசில ஒரு லட்சம், அதுவும் பேத்திக்குக் காது குத்துற வயசுல. அதுக்கு இன்னைக்கே 50,000 மேல்னுதானே நான் சொன்னேன்? வட்டி ஓடுதுல்ல அவங்களுக்கு?

நடுச்சாம_நர்ஸ்:

கணக்கு சரிதான் தம்பி, கோபப்பட முடியல. வட்டி கட்டுறவனுக்கு நீதிமன்றத் தீர்ப்பு அடுத்த மாசத் தவணைக்கு ஆகாது. வக்கீலம்மா, அவசரத்துக்குக் கொஞ்சம் பணம் கிடைக்க ஏதாவது வழி இருக்கா?

வைகைக்கரை_வக்கீல்:

இருக்கு, யாரும் கேட்பதில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் மனுப் போடலாம். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 396ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 357-ஏ. இதற்கு ஒரு குற்றப் புகார் பதிவில் இருப்பது நல்லது. அதனால்தான் எஸ்.பி.க்குப் புகார், அவர் பதியாவிட்டால் வழக்குப் பதிய உத்தரவிடக் கேட்டு மாஜிஸ்திரேட் முன் அதே சட்டத்தின் 175(3) மனு என்ற வரிசையில் போகச் சொல்கிறேன். அதே அலுவலகத்தில் இலவச வக்கீலும் கேட்கலாம். வருமான வரம்புக்குள் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் எல்லாருக்கும் உரிமை உண்டு. போன் 15100. முத்து, நீங்கள் பட்டியல் சாதியினராகவும் சம்பந்தப்பட்டவர்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர்களாகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நிவாரணத் தொகை தனி. அது எஃப்.ஐ.ஆர். நிலையிலிருந்தே தவணையாக வரும். இங்கே பதில் எழுத வேண்டாம், வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். நோட்டீஸ் இல்லாமல் இரவில் வீட்டிலிருந்து கூட்டிப்போனதே முறைகேடு. சாட்சியாக விசாரிக்க என்றால் பி.என்.எஸ்.எஸ். 179இன் கீழ் எழுத்தில் அழைப்பாணை வேண்டும், சந்தேக நபர் என்றால் 35(3) நோட்டீஸ் அல்லது கைதுக் குறிப்பு. அடியை மறுத்தாலும் இதற்கு அவர்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

வல்லைவெளி:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். உங்கட சட்டம் வேறை, எண்டாலும் தனியார் ஆஸ்பத்திரி பில் பற்றி ஒரு விஷயம் சொல்லலாம் எண்டு வந்தனான்.

இஞ்சை அடிப்படை உரிமை வழக்கு நேரடியா உயர் நீதிமன்றத்திலைதான் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி), அரசியலமைப்பின்ரை 126ஆம் உறுப்புரை. கெடு ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள்ளை மனித உரிமை ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்தால், அங்கை விசாரணை கிடக்கிற காலம் கணக்கிலை சேராது. 2002இலை வத்தளைப் பொலிஸ் ஆள் மாறிப் பிடிச்சு அடிச்ச ஜெரால்ட் பெரேரா எண்டவருக்கு, அடுத்த வருசம் எட்டு லட்சம் ரூபாவும் தனியார் ஆஸ்பத்திரிச் செலவும் குடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அரச ஆஸ்பத்திரி இருக்கேக்கை ஏன் தனியாருக்குப் போனனீ எண்டு கேக்கேலாது எண்டதுதான் அதிலை பெரிய விஷயம். ஆனா 2004இலை, சித்திரவதை வழக்கிலை அவர் சாட்சி சொல்லுறதுக்குச் சில நாளைக்கு முன்னம் சுட்டுப்போட்டாங்கள்.

பயப்படுத்த இதைச் சொல்லேல்லை. முத்து, பாதுகாப்பு வேணும் எண்டு முதல் கடிதத்திலையே எழுதுங்கோ.

ஓய்வு_எஸ்ஐ:

பாதுகாப்பு விஷயம் சரி. சாத்தான்குளத்துல உள்ளே நடந்ததைச் சொன்னது ஒரு பெண் தலைமைக் காவலர்தான். அவங்களுக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கொடுக்க கோர்ட் தலையிட வேண்டி வந்துச்சு. போலீஸ்காரருக்கே அந்த நிலைமை. அந்த ராத்திரி பாரால நின்னவருக்கும் மனசாட்சி இருக்கலாம். யாரையும் மிரட்டாதீங்க, திட்டி வீடியோ போடாதீங்க.

கொங்குசிங்கம்:

சரிங்க, அந்தத் தம்பி திருடலைன்னா அடிச்சது தப்புத்தான். ஆனா நஷ்டஈடு அரசாங்கப் பணம், நம்ம வரிப்பணம்தானே? அடிச்சவன் ஜோப்புல இருந்து போகுதா?

வைகைக்கரை_வக்கீல்:

கொங்குசிங்கம், திருடியிருந்தாலும் அடித்தது தப்புத்தான். ஆனால் உங்கள் கேள்வி நியாயம். வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 சம்பவம். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஒரு பழங்குடிக் கிராமத்தில் புகுந்து ஆடியது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011இல் தண்டனை. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, வன்புணர்வுக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் என்று சொல்லி, அதில் ஐந்து லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கச் சொன்னது. குப்வாரா வழக்கிலும் விசாரணைக்குப் பின் அந்த அதிகாரிகளிடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறது. முதலில் அரசு கொடுக்கும், அப்புறம் சம்பளத்திலோ ஓய்வூதியத்திலோ பிடிக்கும். மனுவில் இதைத் தனிப் பிரார்த்தனையாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தானாகச் செய்ய மாட்டார்கள்.

முத்து, எவ்வளவு என்று கேட்டீர்களே. ரிட்டில் சூத்திரம் கிடையாது, மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். சிவில் வழக்கில், வாகன விபத்து வழக்குகளில் கணக்குப் போடும் முறையைக் காட்டிக் கேட்கலாம். உதாரணத்துக்கு மாதம் 18,000 வருமானம், மருத்துவக் குழு 20 சதவீத ஊனம் என்று சான்று கொடுக்கிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 2,16,000. 26 முதல் 30 வயது வரை பெருக்கு எண் 17. பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் 7,34,400. மருத்துவச் செலவு, வலி வேதனை தனி. நீதிபதி இதே முறையில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் 50,000 எங்கே நிற்கிறது என்று இப்போது தெரியும்.

சிவில் வழக்குக்கு அரசுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், 10 லட்சம் கேட்டால் 30,000. கட்ட முடியாதவர் வறியவர் மனுப் போட்டு ஃபீஸ் இல்லாமலே தாக்கல் செய்யலாம். வருஷக்கணக்கில் இழுக்கும், மறைக்கவில்லை. என்னைக் கேட்டால் முதலில் எஸ்.பி. புகார், மாஜிஸ்திரேட் மனு, ஏ.ஆர். காப்பியும் ஊனச் சான்றும் கைக்கு வந்ததும் மதுரைக் கிளையில் இடைக்கால இழப்பீடு கேட்டு ரிட். வக்கீல் செலவு முடியாது என்றால் ரிட்டுக்குப் பதில் ஆணையம். எதுவானாலும் ஒரு வருஷக் கெடுவைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கரிசல்முத்து:

எல்லாருக்கும் நன்றி. நேத்து எஸ்.பி.க்கும் ஜட்ஜுக்கும் தபால் போட்டாச்சு, ரசீது இருக்கு. வேன் ஓனர் ஜிபேல சம்பளம் போட்டதுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன். போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன், டாக்டர் சொன்ன மாதிரியே இரட்டைக் கோடு.

தூது வந்தவர்கிட்ட இன்னும் பதில் சொல்லல. தம்பி வேண்டாங்கான், அம்மா வாங்கிரலாம்ங்குது. அது எங்க வீட்டுச் சண்டை, நாங்க பேசிக்கிறோம். இன்னைக்கு மத்தியானம் ஸ்டேஷன்ல இருந்து போன். எக்ஸ்ரேயும் பில்லும் எடுத்துக்கிட்டு தம்பியை வரச் சொல்றாங்க, "பெரிய அய்யா பார்க்கணுமாம்". என்ன செய்ய?

வைகைக்கரை_வக்கீல்:

தனியாக அனுப்பாதீர்கள். போன் வந்த நம்பர், நேரம் எழுதி வையுங்கள். "எழுத்தில் அழைப்பாணை கொடுங்கள், வக்கீலுடன் வருகிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் பேச்சு வேண்டாம். எக்ஸ்ரே ஃபிலிம் ஒரிஜினலை யார் கேட்டாலும் கையில் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸும் போட்டோவும் போதும், ஒரிஜினல் கோர்ட்டுக்கு மட்டும். திங்கட்கிழமை காலை சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், தம்பியின் ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று மூன்றும் எடுத்துப் போங்கள்.

நடுச்சாம_நர்ஸ்:

போற வழில ஜி.எச். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுல ஏ.ஆர். காப்பிக்கும் எழுதிக் கொடுத்துடுங்க. அன்னைக்குக் கொடுத்த ஓ.பி. சீட்டு நம்பர் இருந்தா சீக்கிரம் தேடித் தருவாங்க.